குரங்கு தொடாத இலை

பயித்தங்கொடி நட்டது நூற்றிருபது குழி.
கடன் காசில் விதை, கடன் காசில் பம்புக்கு மண்ணெண்ணெய்,
கம்பு மட்டும் காட்டிலிருந்து சும்மா வந்தது.
முதல் பிஞ்சு விரலளவு நீண்ட அன்று
வவுனிக்குளம் பக்கமிருந்து
குரங்குகள் வந்தன, குட்டிகளும் சேர்த்து நாற்பது.
காலை ஏழு மணி. நான் பல்லு விளக்கிக்கொண்டு நின்றேன்.
வாயில் நுரையோடு கத்தினால்
குரங்குக்கும் சிரிப்பு வரும்போல.

மிச்சத்தை மயில் பார்த்துக்கொண்டது.

கேதீஸ் ஒன்றும் சொல்லவில்லை.
கம்புகளைப் பிடுங்கி விறகாய் அடுக்கினான்.
ஒன்றை மட்டும் விட்டான்,
அதில் ஏதோ ஏறியிருந்தது.

முசுமுசுக்கை.
நான் நடவில்லை. அதற்கென்று தண்ணீரும் விடவில்லை.
முந்தின மாரியில்
கொண்டைக்குருவி எச்சத்தோடு போட்டிருக்கும்.
இலையைத் தொட்டால் மாட்டு நாக்கு.
தண்டைத் தொட்டால் மூன்று நாள் மழிக்காத தாடை.
குரங்கொன்று ஓர் இலையைக் கிள்ளி
மோந்து பார்த்து எறிந்ததைக் கண்டேன்.
எறிந்த இடத்துக்குப் போய் எடுத்தேன்.

பழுத்தால் சிவப்பு, மிளகிலும் கொஞ்சம் பெரிது.
நசித்து, சாம்பலில் பிரட்டி, காயவிட்டு,
ஐப்பசி முதல் மழைக்கு
கதியால் நெடுக விரலால் குத்திப் போட்டேன்.
பதினோராம் நாள் இரண்டு இலை.
பவளராணி வேலிக்கு மேலால் கேட்டாள்:
"உதை ஆரும் நடுறதே?"

வறைக்கு,
இலையைச் சுருட்டித் தலைமயிர் போல அரிய வேண்டும்.
தடிப்பாய் அரிந்தால் தொண்டையில் நின்று கணக்குக் கேட்கும்.
சின்ன வெங்காயம், பச்சை மிளகாய்,
அவை வதங்கியபின் இலை. ஒரு சொட்டு நீரும் வேண்டாம்,
தன் நீரில் தானே வேகும்.
சட்டி முட்டிய இலை ஒரு கைப்பிடியாகிவிடும்,
அதை ஒவ்வொரு முறையும் மறந்து
உப்பைக் கூட்டிவிடுகிறேன்.
தேங்காய்ப்பூ போட்டுப் பிரட்டி இறக்கு.
அந்தச் சொரசொரப்பு எங்கே போகிறது என்று
எனக்கு இன்னும் தெரியாது.

மார்கழியில் ஒரு செவ்வாய் குழுக்கடன் பெடியன் வந்தான்,
டிலக்சன், வவுனியாவிலிருந்து,
செம்மண் சேறு தலைக்கவசம் வரை.
வயது இருபத்துமூன்று இருக்கும், இருமலுக்கு அறுபது.
"அக்கா, நாலு தவணை நிலு..."
குனிந்துவிட்டான்.
கொப்பி பிடித்த கை ஆடியது.

காசு இல்லை. கஞ்சி இருந்தது.
பச்சையரிசி, ஒரு பிடி பயறு,
அரைத்துப் பிழிந்த இலைச்சாறு, உள்ளி, மிளகு,
முதற்பால் விட்டுக் கொதிக்க முன் இறக்கியது.
பச்சை நிறத்தைப் பார்த்துத் தயங்கினான்.
"நஞ்சு வாங்க எனக்கு வசதியில்லைத் தம்பி" என்றேன்.
கேதீஸ் சிரித்தான்,
குரங்கு வந்த நாளுக்குப் பிறகு முதல் தரம்.

பெடியன் இரண்டு கோப்பை குடித்தான்.
மூக்கைத் துடைத்தான்.
பிறகு கொப்பியை விரித்து
என் பெயருக்கு நேரே சிவப்புப் பேனையால் எழுதினான்:
செலுத்தவில்லை.
அவனுக்கு மேலேயும் ஒருவன் கொப்பி வைத்திருப்பான்.

"இதுக்குப் பேர் என்னக்கா?"
சொன்னேன்.
முசு, முசுமு, முசுக்கை என்று
மோட்டார் சைக்கிளை உதைக்கும்வரை
வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தான்.

இப்போது வெள்ளிகளில் மல்லாவிச் சந்தையில்
பிடி ஐம்பது ரூபாய்க்கு விற்கிறேன்.
போன கிழமை நாலு பிடி போனது,
அதில் ஒன்று கடன்.

இன்று காலை வேலியில் மறுபடி அந்தக் கூட்டம்.
பெரியவை இலையைப் பார்க்கவே இல்லை.
ஒரு குட்டி மட்டும் ஒன்றைக் கிள்ளி
வாயில் வைத்திருக்கிறது.
மெல்லுமோ, துப்புமோ.
கையில் கல்லோடு பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.